படகு ஓட்டிய தம்பி மீது குடிபோதை வழக்கு: ஃபைன் கட்டி முடிப்பதா, நடத்துவதா?

காசிமேட்டுக்காரி

எல்லாருக்கும் வணக்கம். சட்டம் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்து ஒரு வழி சொல்லுங்கள்.

எங்களிடம் ஒரு ஃபைபர் போட் இருக்கிறது. பதிவு என் பேரில், ஓட்டுவது என் தம்பி. குழுக் கடனில் வாங்கியது, தவணை இன்னும் ஓடுகிறது. இப்போது தடைக்காலம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாளும் விசைப்படகு கடலுக்குப் போகாது, அதனால் எங்களைப் போல ஃபைபர் வைத்திருப்பவர்களுக்கு இந்த நேரத்தில்தான் மீனுக்கு நல்ல விலை கிடைக்கும். அந்த நேரத்தில் போட்டைக் கட்டிப் போட்டுவிட்டார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். போன வாரம் விடியற்காலை நாலரை இருக்கும். தம்பி வலை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குள் நுழைகிறான். விசைப்படகெல்லாம் வரிசை வரிசையாகக் கட்டிக் கிடப்பதால் உள்ளே போக வர வழி ரொம்பக் குறுகல். எதிரே இன்னொரு ஃபைபர் வெளியே வந்தது. அதில் விளக்கே இல்லை என்கிறான் தம்பி. அவர்கள், இவன்தான் வேகமாக வந்து மோதினான் என்கிறார்கள். எங்கள் போட்டின் முகப்பு அவர்கள் போட்டின் விலாவில் இடித்தது. அதில் இருந்த பெரியவர் இன்ஜின் மேல் விழுந்து அப்படியே தண்ணீருக்குள் போய்விட்டார். தம்பிதான் குதித்துத் தூக்கினான். அவருக்குக் காறை எலும்பு முறிந்திருக்கிறது.

கரைக்கு வந்தபோது இவன் நடுங்கிக்கொண்டு இருந்திருக்கிறான். வார்ப்பில் (படகு அணையும் மேடையில்) இருந்தவர்கள் பிராந்தி ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள், அரை குவாட்டர் போல. அது ஐந்தரை மணி வாக்கில். ஆறு மணிக்குப் போலீஸ் வந்தது. வார்ப்பிலேயே நேராக நடந்து காட்டச் சொன்னார்கள். அப்புறம் ஸ்டேஷன். எட்டு மணிக்கு, ரோட்டில் பைக்காரர்களை ஊதச் சொல்வார்களே அந்த மெஷினில் ஊத வைத்தார்கள். 48 என்று காட்டியது. பிறகு அரசு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் பார்த்து, மது வாடை இருக்கிறது, நடை தள்ளாடுகிறது, கண் சிவந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். ரத்தம் எடுக்கவில்லை.

ஒன்றையும் மறைக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு அவன் ஒரு குவாட்டர் குடித்தான். சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டான். ஒன்றரை மணிக்கு நான்தான் எழுப்பி டீ போட்டுக் கொடுத்து அனுப்பினேன். அப்போது தெளிவாகத்தான் இருந்தான்.

எஃப்ஐஆரில் பிஎன்எஸ் (ஐபிசிக்குப் பதில் வந்த புதிய தண்டனைச் சட்டம்) 281, 282, 125(a) என்றும், மோட்டார் வாகனச் சட்டம் 185 என்றும் போட்டிருக்கிறது. ஸ்டேஷன் ஜாமீனில் அன்றே விட்டுவிட்டார்கள். போட்டும் இன்ஜினும் அவர்கள் வசம். "கோர்ட்டுக்குக் கூப்பிடும்போது வந்து ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டினால் முடிந்தது" என்கிறார்கள். தம்பியும் கட்டிவிடலாம் என்றே நிற்கிறான். பஹ்ரைனுக்கு மீன்பிடி வேலைக்குப் போக வேண்டும் என்று பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறான். எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்யட்டும்?

பழைய வண்ணை

அக்கா, இதை இழுக்காதீங்க. எனக்கு பைக்கில் இதே 185 போட்டார்கள். 10,000 கட்டினேன், அன்றைக்கே முடிந்தது. வழக்கு நடத்தினால் வாய்தா வாய்தாவாக அலைய வேண்டும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகும்.

ஜார்ஜ் டவுன் வக்கீல்

காசிமேட்டுக்காரி அக்கா, தயவுசெய்து ஃபைன் கட்ட அவசரப்படாதீர்கள். என் அப்பா கட்டுமரத்தில் போனவர். இந்த மாதிரிக் காகிதங்களைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள் நான். இப்போது ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் இதே வேலையாக இருக்கிறேன். காகிதத்தை நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதிலேயே பேச நிறைய இருக்கிறது.

முதலில் 185. அதில்தான் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்ற அளவு வருகிறது. முதல் தடவை என்றால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அந்தச் சட்டம் மோட்டார் வாகனத்துக்கு. மோட்டார் வாகனம் என்றால் சாலையில் ஓடுவதற்காக அமைந்த வண்டி என்று 2(28) பிரிவே சொல்கிறது. ஃபைபர் போட் எந்தச் சாலையில் ஓடுகிறது? 281-ம் அப்படித்தான், பொது வழியில் வண்டி ஓட்டுவதற்கான பிரிவு அது. இந்த இரண்டும் இந்த வழக்கில் நிற்கக் கூடாதவை. பழைய வண்ணைத் தம்பி கட்டியது பைக்குக்கு. இவர் கட்டப் போவது படகுக்கு. இரண்டையும் ஒன்றாகப் பார்க்க வேண்டாம்.

சரியாக வருகிற பிரிவு 282. ஐபிசியில் 280 ஆக இருந்தது. மனித உயிருக்கு ஆபத்து வரும்படியோ, அடுத்தவருக்குக் காயம் படும்படியோ, கண்மூடித்தனமாக அல்லது அஜாக்கிரதையாகக் கலம் செலுத்துவதுதான் குற்றம். ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 வரை அபராதம் அல்லது இரண்டும். இதில் குடி என்ற பேச்சே இல்லை. 30 மில்லிகிராமும் இல்லை. ஆகவே அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியது, தம்பி போட்டை எப்படி ஓட்டினார் என்பதை. குடித்திருந்தார் என்பது அதற்குத் துணை நிற்கிற ஒரு சங்கதி மட்டும். குடித்தவர் ஒழுங்காகவும் ஓட்டியிருக்கலாம், குடிக்காதவர் கண்மூடித்தனமாகவும் ஓட்டியிருக்கலாம். 'வேகமாக வந்தான்' என்று சாட்சி சொல்வது மட்டும் போதாது என்று கர்நாடக அரசு எதிர் சதீஷ் வழக்கில் 1998-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது லாரி வழக்கு, ஆனால் கண்மூடித்தனம் என்றால் என்ன என்ற கேள்வி இங்கேயும் அதேதான்.

பெரியவருக்கு எலும்பு முறிவு என்பதால் அது கொடுங்காயம். சாதாரணக் காயத்துக்கான 125(a)-ஐக் கொடுங்காயத்துக்கான 125(b) ஆக மாற்றி ஆல்டரேஷன் ரிப்போர்ட் போடுவார்கள், அதை எதிர்பார்த்தே இருங்கள். அது மூன்று வருடம் வரை போகிற பிரிவு. இதனால்தான் 'ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டு' என்ற பேச்சு எனக்குப் பயமாக இருக்கிறது. ஒப்புக்கொண்டால் அது தண்டனைத் தீர்ப்பு. நாளைக்குப் பெரியவர் வீட்டில் நஷ்டஈடு கேட்டுப் போனால் அதே ஒப்புதலை எடுத்து நீட்டுவார்கள். பஹ்ரைனுக்குப் போகும்போது போலீஸ் சரிபார்ப்பில் அதுவும் ஏறும். வழக்கு நிலுவையில் இருந்தாலும் பாஸ்போர்ட்டுக்குத் தடங்கல் வரும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அதற்கு வெளியுறவு அமைச்சகத்தின் 1993 அறிவிப்பின்படி கோர்ட்டில் அனுமதி வாங்கிப் போக வழி உண்டு.

இனி மெஷின். இங்கே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், பலர் தப்பாகப் புரிந்துகொள்கிற இடம் இது.

சம்பவம் நாலரை, ஊதியது எட்டு. தாமதம் என்றால் நமக்கு நல்லது என்று எல்லாரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. ரத்தத்தில் இருக்கிற மது மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் குறையும், ஆளுக்கு ஆள் 10-லிருந்து 20 வரை மாறும். எட்டு மணிக்கு 48 என்றால், அரசுத் தரப்பு பின்னோக்கிக் கணக்குப் போட்டு, 'மூன்றரை மணி நேரத்துக்கு 52 கூட்டு, நாலரைக்கு 100 இருந்திருக்கும்' என்று சொல்லலாம். அதை உடைப்பது அந்த ஐந்தரை மணி பிராந்திதான். நடுவில் குடித்திருந்தால் எட்டு மணி அளவு நாலரை மணியைப் பற்றி எதுவும் சொல்லாது.

முந்தின நாள் குவாட்டரையும் பார்ப்போம். 180 மில்லி பிராந்தி, 42.8 சதவீதம் என்றால் அதில் ஏறக்குறைய 60 கிராம் மது. 60 கிலோ எடையுள்ள ஆளுக்கு உச்சத்தில் 150 வரை ஏறலாம். ஏழு மணியிலிருந்து நாலரை வரை ஒன்பதரை மணி நேரம். மணிக்கு 15 வீதம் போனால் விடியற்காலை அநேகமாக ஒன்றும் மிச்சம் இருக்காது. மணிக்கு 10 என்று எடுத்தால் 50 கிட்ட நிற்கும். இரண்டையும் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எதிர்த்தரப்பு டாக்டர் இரண்டாவதைத்தான் சொல்வார். தம்பியின் எடை, சாப்பிட்ட நேரம், எந்தச் சரக்கு, எவ்வளவு, எல்லாவற்றையும் உங்கள் வக்கீலிடம் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். ஒரு தடயவியல் மருத்துவரிடம் காட்டிக் கணக்கை எழுதி வாங்கலாம்.

பிராந்தி ஊற்றிக் கொடுத்தவர்கள் யார் யார்? அவர்கள் பேரை இன்றே குறித்து வையுங்கள். உண்மையில் பார்த்தவர்கள் மட்டும். நம்ம பையன் என்று பரிந்துகொண்டு பார்க்காதவர் ஒருவர் சாட்சி சொல்ல வந்தாலும், குறுக்கு விசாரணையில் அவர் உளறுவதில் உண்மையான சாட்சியும் கெட்டுப்போகும்.

ரத்தம் எடுக்காதது பெரிய விஷயம். 1971-ல் பச்சுபாய் ஹசன் அலி கரியானி எதிர் மகாராஷ்டிர அரசு என்ற வழக்கு. வாடை இருந்தது, நடை தள்ளாடியது, பேச்சு குழறியது, கண்மணி விரிந்திருந்தது என்று டாக்டர் சொன்னார். ரத்தமோ சிறுநீரோ சோதிக்காமல் இதை மட்டும் வைத்துக் குடித்திருந்தார் என்று முடிவுகட்ட முடியாது என்றது உச்ச நீதிமன்றம். உங்கள் டாக்டர் சீட்டைப் படித்ததும் எனக்கு அந்தத் தீர்ப்புதான் ஞாபகம் வந்தது. போலீஸ் கேட்டால் டாக்டர் ரத்தம் எடுக்கலாம், பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 51 அதற்காகவே இருக்கிறது. கேட்டார்களா, ஏன் கேட்கவில்லை என்பது குறுக்கு விசாரணையில் வர வேண்டிய கேள்வி.

மோட்டார் வாகனச் சட்டத்தைத்தான் பிடித்துக்கொள்வோம் என்று அவர்கள் நின்றால், அதே சட்டத்தின் 202-வது பிரிவு, 185-ல் கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும் என்கிறது. கைது நேரம் மெமோவில் என்ன எழுதியிருக்கிறது, டாக்டர் சீட்டில் என்ன நேரம், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மெஷினின் அளவுத் திருத்தச் சான்று, ஊதிய சீட்டில் தேதி, நேரம், மெஷின் எண் இருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும்.

ஸ்டேஷனில் தம்பி எதிலாவது கையெழுத்துப் போட்டிருந்தால் அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். போலீஸிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் அவருக்கு எதிராகச் செல்லாது, புதிய சாட்சியச் சட்டம் (பிஎஸ்ஏ) 23.

இது எல்லாவற்றுக்கும் முன்னால் போட். நாளைக்கே அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

காசிமேட்டுக்காரி

அம்மா, ரொம்ப நன்றி. ராத்திரி தம்பியை உட்கார வைத்து முழுசாகப் படித்துக் காட்டினேன். ஃபைன் பேச்சை விட்டுவிட்டான்.

கைது நேரம் ஆறேகால் என்று எழுதியிருக்கிறது. டாக்டர் சீட்டில் 9.10. பிராந்தி கொடுத்தது இரண்டு பேர், இருவருமே சொல்லத் தயார். ஒருவர் எங்களுக்குச் சொந்தம் இல்லை, ஐஸ் வண்டிக்காரர்.

இன்னொன்று கேட்க வேண்டும். வார்ப்பில் நேராக நடந்து காட்டச் சொன்னபோது இவன் தள்ளாடினான் என்பது உண்மை. அது எங்களுக்கு எதிராகப் போகுமா?

மேட், ராயபுரம்

தங்கச்சி, நான் கப்பலில் மேட்டாக (கேப்டனுக்குக் கீழே உள்ள அதிகாரி) இருக்கிறேன், இப்போது லீவில் ஊரில். இதற்கு நான் பதில் சொல்லலாம்.

அலையில் ஆடும் சின்னப் போட்டில் மூன்று மணி நேரம் நின்றுவிட்டுக் கரையில் கால் வைத்தால் யாருக்கும் தரை ஆடும். அமெரிக்காவில் குடித்துவிட்டுப் படகு ஓட்டுவதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. பொழுதுபோக்குப் படகுக்கு ரத்தத்தில் 0.08 சதவீதம், வணிகக் கலத்துக்கு 0.04. அங்கேயே இந்தத் தள்ளாட்டப் பிரச்சினைக்காக, நடக்க வைக்காமல் உட்கார வைத்தே செய்யும் சோதனைகளைத் தனியாகக் கொண்டுவந்தார்கள். விரலால் மூக்கைத் தொடுவது, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பித் தட்டுவது போன்றவை. இங்கே வார்ப்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஐஸ் தண்ணீரும் மீன் செதிலுமாக வழுக்கும். அதில் நனைந்த உடம்போடு வெறுங்காலில் நேராக நடக்கச் சொன்னார்கள் என்பதை வக்கீல் கேட்க வேண்டும். கண் சிவப்பும் அப்படித்தான். ராத்திரித் தூக்கம் இல்லை, உப்புக் காற்று, இன்ஜின் புகை, போதாததற்குத் தண்ணீரில் குதித்திருக்கிறான்.

எங்களுக்குக் கப்பலில் அளவு உண்டு. கப்பல் பணியாளர் பயிற்சிக்கான சர்வதேச உடன்படிக்கையான எஸ்டிசிடபிள்யூவின் 2010 மணிலா திருத்தத்தில் பணியில் இருக்கும் அதிகாரிகளுக்கு ரத்தத்தில் 0.05 சதவீதம், மூச்சில் லிட்டருக்கு 0.25 மில்லிகிராம். அது கப்பல் அதிகாரிகளுக்கானது, ஃபைபருக்கு இல்லை. யாராவது அதைக் காட்டிப் பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது விளக்கு. கடலில் மோதல் தவிர்ப்பு விதிகள் 1972-ல் வந்தவை. சின்ன விசைக்கலம், 7 மீட்டருக்குக் கீழே, 7 நாட் (கடல் மைல்) வேகத்துக்கு மேல் போகாதது என்றால்கூட எல்லாப் பக்கமும் தெரியும்படி ஒரு வெள்ளை விளக்காவது இருக்க வேண்டும். அதைவிடப் பெரியது என்றால் பக்க விளக்குகளும் வேண்டும். எதிர்ப் போட்டில் விளக்கு இருந்ததா? குறுகல் வழியில் இரண்டு கலமும் அவரவர் வலது ஓரமாகப் போக வேண்டும் என்பது 9-வது விதி. யார் ஓரத்தில் இருந்தார்கள், யார் நடுவில் வந்தார்கள்? அதே நேரத்தில், உன் தம்பி போட்டில் விளக்கு எரிந்ததா என்றும் கேட்பார்கள். முன்னால் யாராவது நின்று பார்த்துக்கொண்டு வந்தார்களா என்றும் கேட்பார்கள், அது 5-வது விதி. இதற்கெல்லாம் பதிலைத் தயாராக வைத்துக்கொள்.

எதிர் போட்டின் விலாவில் எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் இடிபட்டிருக்கிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். நேர்க்குத்தாக ஓட்டை விழுந்திருந்தால் ஒரு கதை, உரசிக்கொண்டு நீளமாகக் கீறியிருந்தால் வேறு கதை. ஃபைபர் ஒட்டி, மேலே பெயின்ட் அடித்துவிட்டால் எல்லாம் போய்விடும்.

ஜார்ஜ் டவுன் வக்கீல்

மேட் அண்ணன் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். கைதுக்கும் டாக்டர் சோதனைக்கும் நடுவில் மூன்று மணி நேரம் என்று நீங்கள் சொன்னதையும் குறித்துக்கொண்டேன்.

போட் விஷயம். பதிவு உங்கள் பேரில் இருப்பதால் திருப்பிக் கேட்க வேண்டியது நீங்கள், தம்பி இல்லை. போலீஸ் கைப்பற்றியதைக் கோர்ட்டுக்குத் தெரிவித்துவிட்டார்கள் ஆனால் பொருளை ஆஜர்படுத்தவில்லை என்றால் பிஎன்எஸ்எஸ் 503, விசாரணையில் கோர்ட் முன்னால் வந்துவிட்டது என்றால் 497. சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-ல் உச்ச நீதிமன்றம், கைப்பற்றிய வண்டிகளை ஸ்டேஷன் வாசலில் மட்கவிடக் கூடாது, போட்டோ எடுத்துப் பத்திரம் வாங்கிக்கொண்டு சீக்கிரம் உரியவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மனுவில் தடைக்காலத்தை எழுதுங்கள். ஃபைபர் மட்டும் கடலுக்குப் போகிற இந்த நாட்கள் போனால் வருமானம் திரும்பி வராது என்று மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிய வேண்டும். அவுட்போர்டு இன்ஜினின் எண் மகஜரில் (போலீஸ் சாட்சிகள் முன் எழுதும் குறிப்பில்) சரியாக ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள், திரும்பி வரும்போது வேறு இன்ஜின் வந்த கதை உண்டு.

போட்டை வாங்கியவுடன் ரிப்பேருக்கு விடாதீர்கள். முகப்பை எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து, அளவு நாடாவைப் பக்கத்தில் பிடித்து, எந்தப் பெயின்ட் ஒட்டியிருக்கிறது என்பது தெரிகிற மாதிரி எடுத்துவிட்டு அப்புறம் ரிப்பேர். அப்சர்வேஷன் மகஜரும் ரஃப் ஸ்கெட்சும் குற்றப்பத்திரிகையோடு நமக்குக் கிடைக்கும். அதில் படகுகள் நின்ற இடத்தைத் தப்பாக வரைந்திருந்தால் நம் போட்டோதான் பேசும்.

சிசிடிவி அவசரம். ஏலக்கூடத்திலோ நுழைவாயிலிலோ கேமரா இருந்தால் பதிவு கொஞ்ச நாளில் மேலேயே பதிந்து அழிந்துவிடும். அதைப் பாதுகாத்து வைக்கும்படி இன்ஸ்பெக்டருக்கும், கேமரா யார் பொறுப்போ அவர்களுக்கும் பதிவுத் தபாலில் எழுதுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். பிராந்தி குடித்த நேரமும், பெரியவரைத் தம்பி தூக்கி வந்ததும் அதில் இருந்தால் அதைவிட நல்ல சாட்சி வேறு இல்லை.

எண்ணூர் முகத்துவாரம்

எல்லாரும் தம்பி பக்கம் பேசுகிறீர்கள், சரி. அந்தப் பெரியவரைப் பற்றி யாரும் கேட்கவில்லையே. காறை எலும்பு முறிந்தால் வலை இழுக்க முடியாது, தடைக்காலத்துச் சம்பாத்தியம் அவருக்கும்தான் போகிறது. எங்கள் ஊரில் இப்படி நடந்தால் முதலில் போட்டுக்காரர் வீட்டு ஆட்கள் போய்ப் பார்ப்பார்கள். கேஸ் அப்புறம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஏழு மணிக்குக் குடித்துவிட்டு இரண்டு மணிக்குக் கடலுக்குப் போவது சட்டத்தில் தப்போ இல்லையோ, வக்கீலம்மா போட்ட கணக்கிலேயே 50 மிச்சம் இருக்கலாம் என்று வருகிறது. கூட வருகிறவன் உயிரும் அதில்தான் இருக்கிறது. தங்கச்சி, தம்பியிடம் இதை நேரடியாகப் பேசு.

காசிமேட்டுக்காரி

அண்ணா, நீங்கள் சொல்வது நியாயம். முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம், ஸ்கேன் செலவு நான்தான் கட்டினேன். பெரியவர் எங்கள் தெருதான், தம்பியைச் சின்ன வயதிலிருந்து தெரியும். "இவன்தான் என்னைத் தூக்கினான்" என்று அவரே சொல்கிறார். அவர் மகன்தான் கோபமாக இருக்கிறார். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசலாம் என்கிறார்கள். அப்படிப் பேசி முடித்தால் கேஸும் முடிந்துவிடுமா அம்மா? கடலுக்குப் போகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் தொடுவதில்லை என்று தம்பி அம்மா முன்னால் சொல்லிவிட்டான். நான் விடுவதாகவும் இல்லை.

ஜார்ஜ் டவுன் வக்கீல்

எண்ணூர் அண்ணன் கேட்டது சரியான கேள்வி. பெரியவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள், வழக்குக்காக என்று இல்லாமல்.

பஞ்சாயத்தில் பேசுவது தப்பில்லை. ஆனால் அங்கே எழுதுகிற காகிதத்தில் 'குடித்துவிட்டு ஓட்டியதால்' என்ற வரி வரக் கூடாது. சிகிச்சைக்கும் வேலை போன நாட்களுக்கும் இவ்வளவு கொடுக்கிறோம், பெற்றுக்கொண்டோம் என்ற அளவில் நிறுத்துங்கள். பணத்தைப் பெரியவர் கணக்கிலேயே போடுங்கள். சாட்சிகளிடம், குறிப்பாக எதிர் போட்டில் இருந்த மற்றவர்களிடம், இப்படிச் சொல்லு அப்படிச் சொல்லு என்று யாரும் பேசக் கூடாது. தம்பி ஜாமீனில் இருக்கிறார்.

காயப்பட்டவர் சம்மதித்தால் 125 பிரிவைக் கோர்ட் அனுமதியோடு சமரசம் செய்யலாம். 282-ஐ அப்படி முடிக்க முடியாது, அது அரசுக்கு எதிரான குற்றமாக நிற்கும். அதற்குச் சமரசப் பத்திரத்தை வைத்து உயர் நீதிமன்றத்தில் பிஎன்எஸ்எஸ் 528-ன் கீழ் ரத்துக் கேட்கலாம். கியான் சிங் வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம் அந்த வழியைத் திறந்துவைத்தது. கட்டாயம் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். பெரியவர் தம்பியைப் பற்றிச் சொல்கிற வார்த்தையை அஃபிடவிட்டில் அவர் வாயாலேயே சொன்னால் அதற்கு மதிப்பு உண்டு. கிடைக்காவிட்டாலும் வழக்கை நடத்த மேலே எழுதியது எல்லாம் கையில் இருக்கிறது.

வக்கீல் ஃபீஸுக்குத் தயங்க வேண்டாம். 1987 சட்ட உதவிச் சட்டத்தின் 12-வது பிரிவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. போட் மனு உங்கள் பேரில் என்பதால் நீங்களே கேட்கலாம். தம்பிக்கு வருமான வரம்பைப் பார்ப்பார்கள். உயர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100-க்குப் போன் செய்தாலும் சொல்வார்கள். போகும்போது போட்டின் பதிவுச் சான்று, மீன்பிடி உரிமம், இன்ஜின் வாங்கிய பில், கடன் பாஸ்புக், ஆதார், எஃப்ஐஆர் நகல் எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்ஐஆரைக் காவல்துறை இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம், அதற்கு ஸ்டேஷனில் போய் நிற்க வேண்டியதில்லை. ஐஸ் வண்டிக்காரரிடம் பேர், விலாசம், போன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஊரை விட்டு வேறு துறைமுகம் போய்விட்டால் தேடுவது கஷ்டம்.